முன்பணமும் பிஞ்சுக் கைகளும்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

சேலம் என்றதும் மாம்பழமும் இரும்பாலையும், நாமக்கல் என்றதும் மலைக்கோட்டையும் கோழி முட்டையும் நம் நினைவுக்கு வரும். இவற்றோடு செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பகுதிகளின் வெள்ளிக் கொலுசையும், பள்ளிபாளையம், குமாரபாளையம் ஊர்களில் இரவு பகலாக ஓடும் விசைத்தறிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவ்விரு தொழில்களும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. ஆனால் நெடுங்காலம் சிறுவர் சிறுமியரின் கைகளும் இவற்றில் உழைத்து வந்துள்ளன என்பதை மறைப்பதற்கில்லை.

கொலுசு வேலை பெரும்பாலும் வீடுகளிலேயே நடக்கிறது. வெள்ளிக் கம்பியைச் சிறுசிறு வளையங்களாக்கி, ஒன்றோடொன்று கோத்து, நெருப்பை ஊதிப் பற்றவைத்து, சலங்கை சேர்த்து மெருகேற்றுவார்கள். இதற்குப் பிள்ளைகளின் விரல்தான் ஏற்றது என்று பெரியவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாள் முழுதும் குனிந்து நெருப்பின் முன் அமரும் அப்பிள்ளையின் கண்ணையும் முதுகையும் பற்றி அவர்கள் பேசுவதில்லை!

குழந்தைத் தொழிலுக்குக் காரணம் யாது எனக் கேட்டால் எல்லோரும் ‘வறுமை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். வறுமை எந்த வழியாக வீட்டிற்குள் வந்து பிள்ளையின் கையைப் பிடிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டாமா? தறி ஓட்டுபவர் திருமணத்திற்கோ வைத்தியத்திற்கோ தறி முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறார். வாரக் கூலி வீட்டுச் செலவிற்கே போதாதபோது அந்தப் பாக்கி எப்படிக் குறையும்? வேறு தறிக்குப் போக நினைத்தால், புதிய முதலாளி பழைய பாக்கியைக் கட்டியாக வேண்டும். ஆள் மாறினாலும் கடன் கூடவே வருகிறது. கூலியோ நெய்த துணியின் அளவைப் பொறுத்தது. தறி நிற்காமல் ஓடத் தார் சுற்றிக் கொடுக்க ஒரு கை தேவை. சம்பளம் கேட்காத கை வீட்டிலேயே இருக்கிறது.

என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒருத்தி வாய்ப்பாடு சொல்வதில் எங்கள் எல்லோரையும் மிஞ்சியவள். தந்தை நோயுற்ற ஆண்டில் அவள் தார் சுற்றப் போனாள். முதலில் விடுமுறையில், பிறகு மாலையில், பிறகு காலையிலும். அவள் பள்ளியை விட்ட நாள் இன்னது என்று யாராலும் சொல்ல முடியாது.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. ஆலைகளில் குழந்தைகளை வைத்துக்கொள்வதைப் பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-ஆம் ஆண்டுச் சுற்றுமடலிலேயே எச்சரித்தார். நம் நாட்டில் பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பது செல்லாது என்று 1933-லேயே ஒரு சட்டம் வந்தது. மீறும் பெற்றோருக்கு ஐம்பது ரூபாய் வரை அபராதம், வேலை வாங்குபவருக்கு இருநூறு ரூபாய் வரை! 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டு, பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தலாகாது என்றது. ஆயினும், பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கும் அதில் உண்டு. தறியும் கொலுசும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் நம் ஊர்களில் இந்த விலக்கு ஒரு திறந்த வாசல் என்றே எனக்குத் தோன்றுகிறது. என் தோழியும் முதலில் ‘உதவி’தானே செய்தாள்?

பசியைப் பொறுத்தமட்டில் நம் மாநிலம் பெருமைப்படலாம். காமராசர் 1956-ல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார், எம்.ஜி.ஆர். 1982-ல் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தரப்படுகிறது. நாமக்கல் கோழிப் பண்ணைகளின் முட்டை அந்தச் சத்துணவுத் தட்டிற்கும் செல்கிறது. சோறு பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வரும். ஆனால் தந்தையின் பாக்கியை அது அடைக்காது. எட்டாம் வகுப்பிற்குப் பின் அந்தப் பாக்கி மறுபடியும் கூப்பிடுகிறது.

அப்போது பெண்பிள்ளைக்கு இன்னொரு அழைப்பும் வருகிறது. மூன்றாண்டுகள் நூற்பாலை விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, அதைக் கொண்டு திருமணம். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற அழகான பெயரில் மேற்கு மாவட்டங்களில் பரவிய ஏற்பாடு இது. வரதட்சணை 1961-லேயே சட்டப்படி குற்றமாகிவிட்டது. அதற்குப் பணம் சேர்க்க எங்கள் வயதுப் பெண்கள் இரவு முறையில் நூல் நூற்றார்கள்!

ஆகவே பிள்ளையை மட்டும் பட்டறையிலிருந்து மீட்டால் போதாது. கடனையும் அறுக்க வேண்டும். இதற்கு வழி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. முன்பணத்திற்காக ஒருவர் வேறிடம் போக முடியாமல் கட்டுண்டு உழைத்தால் அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்றிதழ் வழங்குவார்; மறுவாழ்வு உதவியும் உண்டு. கோட்டாட்சியர் அலுவலகங்கள் சேலம், ஆத்தூர், மேட்டூர், சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு ஆகிய ஊர்களில் உள்ளன. வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையைப் பற்றித் தெரிவிக்க 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. நம்மைப் போன்ற மாணவியரும் அழைக்கலாம்.