கை நம் சொற்படி கேட்பது எப்படி?



சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார் தன் ஆறு வயது மகனை இடுப்பில் சுமந்துகொண்டு நம்மிடம் வந்தார். பிஸ்கட்டைக் காட்டினால் பையன் சிரிக்கிறான். ஆனால் அதை வாங்கக் கையை நீட்டினால் விரல்கள் விரிந்து, மணிக்கட்டு முறுக்கி, வாய் கோணி, கை வேறெங்கோ போய்விடுகிறது. காது மந்தம், இருந்தும் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்கிறான். கை கால்களில் எலும்பும் தசையும் நன்றாகவே இருக்கின்றன. பின் பழுது எங்கே?

மூளையின் மேற்புறணிக்குக் கீழே, ஆழத்தில், இருபுறமும் சில நரம்புக் கருக்கள் உள்ளன. இவற்றை மொத்தமாகப் பேசல் கேங்லியா என்பார்கள். வால்போல் வளைந்த காடேட், அதை அடுத்த பியூட்டமன், வெளிறிய உருண்டையான குளோபஸ் பல்லிடஸ், சிறு அவரை விதையளவே உள்ள சப்தலாமிக் கரு, இன்னும் கீழே கருநிறமான சப்ஸ்டான்ஷியா நைக்ரா. பெயர்கள் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, வேலையைப் புரிந்துகொண்டால் போதும்.

ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மதகு எப்போதும் மூடியே இருக்கும். எந்த வயலுக்குத் தண்ணீர் வேண்டுமோ அந்த மதகை மட்டும் தூக்குவார்கள். பல்லிடஸ் இப்படித்தான் நம் அசைவுகளை ஓயாமல் அடைத்து வைத்திருக்கிறது. தம்ளரை எடுக்க நினைத்தவுடன் புறணியிலிருந்து காடேட், பியூட்டமனுக்குச் சேதி போகிறது. அவை அந்த ஓர் அசைவின் மதகைத் திறக்கின்றன. சப்தலாமிக் கரு மற்ற மதகுகளை இன்னும் அழுத்தி மூடுகிறது. ஆகவேதான் கை நீளும்போது கழுத்து திரும்புவதில்லை.

மதகைத் தூக்கும் தெம்பைக் கொடுப்பது, சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் உண்டாகும் டோபமின். அது குறைந்தால் எழுந்திருக்கவும் நடக்கவும் முதியவர் திணறுவார். சும்மாயிருக்கும் கை நடுங்கும். 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிவைத்த வியாதி இது. இதற்குக் கொடுக்கும் லெவோடோபா என்ற பொருள் நம் வேலியோரத்துப் பூனைக்காலி விதையிலும் உண்டு. 1937-லேயே சென்னையில் அதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள்!

பையனுக்கு நேர்ந்தது வேறு. இங்கே மதகே அரிக்கப்பட்டுவிட்டது. வேண்டாத வயலுக்கெல்லாம் தண்ணீர் பாய்கிறது. அரித்தது, பிறந்த சில நாட்களில் வந்த மஞ்சள் காமாலை.

சிசுவின் சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. முதிராத ஈரல் அதை உடனே வெளியேற்ற முடியாததால், குழந்தைகளில் பாதிக்கு மேல் சற்று மஞ்சளாவதுண்டு. பெரும்பாலும் அது தானே சரியாகும். தாய்க்கும் பிள்ளைக்கும் இரத்தப் பிரிவு ஒவ்வாதபோதும், குறைமாதப் பிள்ளைகளுக்கும் அளவு கட்டுமீறலாம். அப்போது அது மூளைக்குள் நுழைந்து, முக்கியமாக அந்தப் பல்லிடஸிலும் சப்தலாமிக் கருவிலும் படிகிறது. படிந்து அழிந்தபின் அந்த அணுக்களைத் திரும்பக் கொண்டுவர மருந்தில்லை.

தடுப்பதோ எளிது. இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் 1956-ல் சிஸ்டர் வார்டு என்பவர் குறைமாதக் குழந்தைகளை வெயிலில் கொண்டுபோய் வைப்பார். ஒரு குழந்தையின் உடல் வெளுத்திருக்க, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருப்பதை அவர் மருத்துவர்களிடம் காட்டினார். அதிலிருந்து வந்ததே இன்றைய நீல ஒளிச் சிகிச்சை. ஒளி பட்டதும் பிலிருபின் உருமாறி, ஈரலின் தயவில்லாமலே வெளியேறுகிறது. அளவு மிக அதிகமானால் இரத்தத்தையே மாற்ற வேண்டும். வீட்டு வெயிலை மட்டும் நம்பி நாட்களைக் கடத்தக் கூடாது. முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலோ, கீச்சென்று அழுது வில்லாய் வளைந்தாலோ, அந்த மணி நேரமே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

இந்தப் பையன் வீட்டில் பிறந்த இரண்டாம் பிள்ளை. மூன்றாம் நாள் மஞ்சளைக் கண்ட பாட்டி, குளிப்பாட்டி வெயிலில் காட்டியிருக்கிறார். தெரிந்ததைப் பாசத்தோடு செய்தவரை நாம் குறை சொல்லவில்லை. பையனுக்கு இப்போது பிசியோதெரபி நடக்கிறது. நாற்காலியில் இடுப்பைப் பட்டையால் கட்டி உட்காரவைத்தால் கை ஓரளவு அடங்குகிறது. சென்ற வாரம் ஸ்பூனை வாய்வரை கொண்டுபோனான், பாதி சோறு சிந்தியது.

தாயார் மறுபடியும் கர்ப்பமாயிருக்கிறார். அவருடைய இரத்தம் ஆர்எச் நெகட்டிவ். எதிர்ப்பொருளும் உண்டாகிவிட்டதால் இனி தடுப்பூசி பயன்படாது. பரிசோதனை தவறாமல் நடக்கிறது. பிரசவத்தை மருத்துவமனையில்தான் வைத்துக்கொள்வதாக அந்தப் பாட்டியே சொல்லிவிட்டார். நீல விளக்கையும் மாற்று இரத்தத்தையும் முன்கூட்டியே ஆயத்தமாய் வைப்போம்.