ஹோர்மோன் ஊசி எதை மாற்றும், எதை மாற்றாது?

மகன் தனக்கு ஆண்கள் மீதே ஈர்ப்பு என்றோ, மகள் தனக்குப் பெண்கள் மீதே ஈர்ப்பு என்றோ வீட்டில் சொன்னால், பண்டாரவளையானாலும் கொழும்பானாலும் பெற்றோர் மனதில் எழக்கூடிய கேள்வி: "ஹோர்மோன் குறைபாடா? ஊசி போட்டால் சரியாகுமா?"

இதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். 1940களில் அமெரிக்க வைத்தியர்கள் தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கு ஆண் ஹோர்மோன் கொடுத்தனர். சிலருக்கு இருந்த ஆசைதான் கூடியது. ஈர்ப்பை மாற்றும் சிகிச்சையாக அது நிலைக்கவில்லை. 1952இல் பிரித்தானியாவில் தண்டிக்கப்பட்ட கணித மேதை அலன் டூரிங், சிறைக்குப் பதிலாக ஓராண்டு பெண் ஹோர்மோன் மருந்தை ஏற்றார். அவருக்கு மார்பு வளர்ந்தது. 1954இல், 41 வயதில் இறந்தார். 2013இல்தான் அரச மன்னிப்பு கிடைத்தது.

வளர்ந்தவர்களின் இரத்தத்தில் உள்ள ஹோர்மோன் அளவை வைத்து அவர்களுடைய ஈர்ப்பைச் சொல்ல முடியாது. ஆய்வாளர்கள் இன்று கருப்பைக் காலத்தையே அதிகம் கவனிக்கிறார்கள். அட்ரினல் சுரப்பிக் கோளாறால் கருவிலேயே ஆண் ஹோர்மோன் அதிகம் பெற்ற பெண்களிடம் தன்பாலீர்ப்பு சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனாலும் அவர்களில் பெரும்பாலோர் ஆண்களையே விரும்புகிறார்கள். ஆகவே ஹோர்மோனுக்குப் பங்கிருக்கலாம். அது மட்டுமே காரணமல்ல. கிட்டத்தட்ட 4 இலட்சத்து 77 ஆயிரம் பேரை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டின் மரபணு ஆய்வும் தனியொரு மரபணு இதைத் தீர்மானிப்பதில்லை என்றே கண்டது.

காரணம் முழுதாகத் தெரிந்தால்தான் ஏற்றுக்கொள்வோம் என்று சொல்ல முடியாது. இடதுகைப் பழக்கத்துக்கும் முழுக் காரணம் தெரியாது. அதற்காக யாரும் மருந்து கொடுப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளைத் தடைசெய்யுமாறு 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

இலங்கையில், டூரிங்கைத் தண்டித்த அதே பிரித்தானியச் சிந்தனையில் பிறந்த 365, 365அ பிரிவுகள் தண்டனைச் சட்டக்கோவையில் உள்ளன. அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது.

சட்டத்துக்குப் பயந்த பிள்ளை வைத்தியரிடம்கூட உண்மையைச் சொல்லாது. தூக்கமின்மை, மனச்சோர்வு, உயிரை மாய்க்கும் எண்ணம் ஆகியவற்றுக்கு வைத்தியசாலையில் உதவி உண்டு. பிள்ளையை அதற்கு அழைத்துச் செல்லலாம். ஈர்ப்பை மாற்றித் தருவதாக யாராவது பணம் கேட்டால், கொடுக்க வேண்டாம்.