துருக்கித் தொப்பி

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது நம்மவர் வழக்கு. அச்சிரசின்மீது அணியப்படுவது ஏனைய உடைகளினும் மேலாக மதிக்கப்படுதல் இயல்பே. தமிழில் முடி என்னுஞ் சொல் தலைமயிரையுங் குறிக்கும். மன்னனின் மகுடத்தையுங் குறிக்கும். திருக்கோயிலிற் பரிவட்டங் கட்டப்பெறுவோன் அதனை வெறுந் துணியென எண்ணுவதில்லை. தன் குலத்துக்கு வந்த பெருமையென்றே கொள்கின்றான். ஒரு சிறு துணிக்கு இத்துணைப் பொருள் எங்கிருந்து வந்தது? இவ்வினாவிற்கு விடை காணத் துருக்கித் தொப்பியின் வரலாறு பெரிதுந் துணைபுரியும். அரசாணையாற் புகுந்து, நூறாண்டிற்குள் புனிதமெய்தி, மீண்டும் அரசாணையாலேயே நீக்கப்பட்ட தலையணி அது.

செந்நிறக் கம்பளியாலாகி, உச்சியிலே கருங்குஞ்சந் தொங்க, விளிம்பின்றி உயர்ந்து நிற்பது இத்தொப்பி. மொரோக்கோ நாட்டிலுள்ள பேஸ் நகரின் பெயராலேயே இது வழங்கப்படுகின்றது. ஒட்டோமான் பேரரசிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தலைப்பாகையே சிறப்புற்றிருந்தது. அதன் நிறமும் கட்டும் அணிந்தவனுடைய சமயத்தையும் பதவியையும் தொழிலையும் உணர்த்தின. இறந்த பின்னரும் இவ்வேறுபாடு ஒழியவில்லை. இஸ்தான்புல்லின் பழைய இடுகாடுகளில், ஆடவர் கல்லறைகளின் தலைமாட்டுக் கற்கள் அவரவர் தலைப்பாகையின் வடிவிலேயே செதுக்கப்பட்டிருத்தலை இன்றுங் காணலாம்.

1826 ஆம் ஆண்டிலே சுல்தான் இரண்டாம் மஹ்மூத், தமக்கு அடங்காது நின்ற ஜனிசாரிப் படையை அழித்து, ஐரோப்பிய முறையிற் பயின்ற புதுப்படையை அமைத்தார். அப்படைக்கேற்ற தலையணியாகத் துனீசியாவில் வழங்கிய இச்செந்தொப்பி தெரிந்தெடுக்கப்பட்டது. 1829 ஆம் ஆண்டில் எழுந்த ஆணை, அரசாங்க ஊழியரும் இதனையே அணிதல் வேண்டுமென விதித்தது. மார்க்க அறிஞர்க்கு மட்டுமே தலைப்பாகை விடப்பட்டது. தலையணி ஒன்றாயின் குடிகளிடையேயுள்ள வேற்றுமையுங் குறையும் என்பது சுல்தானின் கருத்து. விளிம்பில்லாத தொப்பியாதலால், தொழுகையில் நெற்றி நிலத்திற்படுதற்கு இது தடையாகவில்லை. ஆயினும், முன்னோர் தலைப்பாகையைக் கைவிட மனமில்லாதோர் இப்புதுமையை வெறுத்தனர்.

காலஞ் செல்ல அவ்வெறுப்பு மறைந்தது. தந்தையர் தயக்கத்தோடு அணிந்ததைப் பிள்ளைகள் பெருமையோடு அணிந்தனர். முஸ்லிம் என்பதற்கே அடையாளமாகத் தொப்பி உயர்ந்தது. 1908 ஆம் ஆண்டில் ஆஸ்திரியா-ஹங்கேரி பொஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது, சினங்கொண்ட மக்கள் ஆஸ்திரியப் பொருள்களை ஒதுக்கினர். அப்போது ஓர் இடர் நேர்ந்தது. அவர்கள் தலையிலிருந்த தொப்பிகளுட் பெரும்பாலன ஆஸ்திரியாவிற் செய்யப்பட்டவையே. பலர் அவற்றைக் களைந்துவிட்டு வேறு தொப்பிகளை நாடினர். தம் அடையாளமெனப் போற்றிய பொருளை அந்நியர் ஆலை அளித்துவந்தமை அன்றே பலர்க்குப் புலனாயிற்று.

இத்தொப்பியின் புகழ் இலங்கையையும் எட்டியது. எகிப்தின் விடுதலைக்காகப் போராடித் தோல்வியுற்ற அராபி பாஷா 1883 ஆம் ஆண்டில் நாடுகடத்தப்பட்டு இங்கு வந்தார். அவருடைய செல்வாக்கால் இலங்கை முஸ்லிம்களிடையே துருக்கித் தொப்பி பரவலாயிற்று. 1905 ஆம் ஆண்டிலே அத்துவக்காத்து எம். சி. அப்துல் காதர் அதனை அணிந்தவாறே உயர் நீதிமன்றத்திற் தோன்றினார். பிரதம நீதியரசர் லேயாட் அதற்கு இடங்கொடுத்திலர். தலையணியைக் களைதல் ஆங்கிலேயர்க்கு மரியாதை. தலையை மூடியிருத்தல் முஸ்லிம்களுக்கு மரியாதை. இருவரும் மரியாதையையே வேண்டினரெனினும், ஒருவர் மரியாதை மற்றவர்க்கு அவமதிப்பாகத் தோன்றியது. அவ்வாண்டின் இறுதியில் மருதானைப் பள்ளிவாசலில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடித் தம் உரிமையை வற்புறுத்தினர். அவ்வுரிமை பின்னர்க் கிடைத்தது.

இருபது ஆண்டுகள் கழிந்தன. துருக்கியில் முடியாட்சி நீங்கிக் குடியரசு தோன்றிற்று. முஸ்தபா கெமால் 1925 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே கஸ்தமோனு என்னும் பகுதிக்குப் பனாமாத் தொப்பியுடன் சென்று, நாகரிக உலகின் உடையே துருக்கியர்க்கும் உரியதென எடுத்துரைத்தார். விளிம்புடைய ஐரோப்பியத் தொப்பியின் பெயரைச் சொல்லவும் பலர் கூசிய காலம் அது. அவ்வாண்டு நவம்பர் 25 ஆந் தேதி 671 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. சட்டசபையினரும் அரசாங்க ஊழியரும் ஐரோப்பியத் தொப்பியை அணியக் கடமைப்பட்டனர். அதற்கு மாறான வழக்கம் பொதுமக்களுக்குந் தடுக்கப்பட்டது.

சீவாஸ், எர்சுரும், ரீசே முதலிய இடங்களிற் கிளர்ச்சிகள் மூண்டன. அவை கடுமையாக அடக்கப்பட்டன, பலர் தூக்கிலிடப்பட்டனர். அவருள் ஒருவர் இஸ்கிலிப் என்னும் ஊரைச் சேர்ந்த ஆத்திப் என்னும் மார்க்க அறிஞர். ஐரோப்பியரைப் போலத் தொப்பியணிதலைக் கண்டித்து, சட்டம் பிறப்பதற்கு முந்திய ஆண்டிலே அவர் ஒரு சிறுநூல் வெளியிட்டிருந்தார். 1926 ஆம் ஆண்டு பெப்ரவரி 4 ஆந் தேதி அவர் உயிர் பறிக்கப்பட்டது. சட்டத்திற்கு அடங்கிய எளியோரோ தொழுகைவேளையிலே தொப்பியின் முன்விளிம்பைப் பிடரிப் பக்கந் திருப்பிவைத்து நெற்றியை நிலத்திற் படியவைத்தனர். ஆணையையும் மீறாமல் வழிபாட்டையுங் கைவிடாமல் அவர்கள் கண்ட வழி இது.

இவ்வரலாறு உணர்த்துவதென்ன? 1829 இல் அந்நியமெனத் தூற்றப்பட்டதும், 1925 இல் மார்க்கத்தின் சின்னமெனக் காக்கப்பட்டதும் ஒரே தொப்பிதான். கம்பளி மாறவில்லை, அதனை அணிந்தோர் உள்ளமே மாறியது. மஹ்மூதும் கெமாலும் தலையணியை மாற்றினால் மனிதனை மாற்றலாமென நம்பினர். ஆணை ஒரே நாளில் தலையை எட்டிவிடுகின்றது. உள்ளத்தை எட்டுதற்கோ தலைமுறைகள் செல்கின்றன. அவ்விடைக்காலத்தில் மக்கள் பட்ட துன்பத்தை எந்த நாகரிகத்தின் பெயராலும் மறைத்தல் இயலாது. 671 ஆம் இலக்கச் சட்டத்தைத் துருக்கியின் 1982 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 174 ஆம் உறுப்புரையும் பாதுகாக்கின்றது. ஆயினும் இன்று அந்நாட்டுத் தெருக்களிற் செல்லும் ஆடவருட் பெரும்பாலோர், உயிர்களைப் பலிகொண்ட இருவகைத் தொப்பிகளையும் மறந்து வெறுந்தலையராகவே செல்கின்றனர்.