மரத்துண்டும் நாள்காட்டித் தாளும்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது, குடிலைப் பிள்ளைகளே கட்டிய நாள்கள் நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். பழுப்புத் தாளைக் கசக்கி மலை செய்தோம். வைக்கோலால் கூரை வேய்ந்தோம். இரண்டு வாரங்களுக்கு முன்பே கேழ்வரகைத் தூவி, அது முளைத்ததும் குடிலைச் சுற்றிப் பசும்புல்லாக வைத்தோம். வாழ்த்து அட்டையையும் நாமே வெட்டி, வண்ணம் தீட்டி, உள்ளே சொந்தமாக இரண்டு வரி எழுதினோம். எழுத்துப் பிழை இருந்தாலும் அந்த வரி நம்முடையதாக இருந்தது.

இன்று குடில் கடையில் கிடைக்கிறது. வாழ்த்து கைப்பேசியில் வருகிறது. வந்ததை அப்படியே மற்றவருக்கு அனுப்பிவிடுகிறோம். இதில் பாவம் எதுவும் இல்லை. ஆனால் கையால் செய்யும் பழக்கம் குறையும்போது, சொந்தச் சொல்லில் பேசும் பழக்கமும் சேர்ந்தே குறைவதை நாம் கவனித்திருக்கிறோமா? இவ்விரண்டுக்கும் ஆழமான உறவு உண்டு.

நம் தாய்மொழியே இதைச் சொல்கிறது. கவிதைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் 'செய்யுள்', அதாவது செய்யப்பட்டது. புத்தகத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'நூல்'. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், சொல்லைப் பஞ்சாகவும், புலவரை நூல் நூற்கும் பெண்ணாகவும், அறிவை நூற்கும் கதிராகவும் காட்டுகிறார். மரத்தின் கோணலை நீக்கத் தச்சர் நூல் பிடிப்பதுபோல, மனத்தின் கோணலை நீக்குவதே நல்ல நூல் என்றும் விளக்குகிறார். நாசரேத்தூர்த் தச்சரின் இல்லத்தில் வளர்ந்த ஆண்டவரைப் பின்பற்றும் நமக்கு இந்த ஒப்புமை மிகவும் நெருக்கமானது.

கிரேக்க மொழியிலும் இப்படியே. எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில், நாம் கடவுளின் கைவேலை என்கிறார் தூய பவுல் (எபே 2:10). அங்கே அவர் பயன்படுத்தும் சொல் 'போயேமா'. செய்யப்பட்ட பொருள் என்பது அதன் நேர்ப்பொருள். கவிதையைக் குறிக்கும் 'போயம்' என்ற ஆங்கிலச் சொல் பிறந்ததும் இதிலிருந்தே. செய்பொருளும் கவிதையும் ஒரே வேரில் கிளைத்தவை.

இந்த உண்மையைத் தம் வாழ்வால் விளக்கியவர் வியட்நாம் நாட்டின் கர்தினால் பிரான்சிஸ் சேவியர் வான் துவான். 1975-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15, அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா அன்று அவர் கைது செய்யப்பட்டார். அப்போது அவர் பேராயர். ஒரே நாளில் மக்களிடமிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்டார். மந்தையோடு எப்படிப் பேசுவது என்ற கவலை அவரை வாட்டியது. சிறையிலிருந்து திருமுகங்கள் எழுதிய பவுல் அவர் நினைவுக்கு வந்தார். ஆனால் எழுதத் தாள் இல்லை.

1975 அக்டோபரில் ஒரு நாள் அதிகாலை, திருப்பலி முடிந்து திரும்பிய ஏழு வயதுச் சிறுவனை அழைத்து, பழைய நாள்காட்டிகளை வாங்கித் தருமாறு தாயிடம் சொல்லச் சொன்னார். அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் இரவு இரவாக எழுதினார். காலையில் சிறுவன் அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்ல, அவனுடைய சகோதர சகோதரிகள் படியெடுத்தார்கள். இப்படிப் பிறந்த 1001 சிறு சிந்தனைகளே 'நம்பிக்கையின் பாதை' என்ற பொருள்படும் நூலாயின. பின்னர் திருவிவிலியம் இல்லாத முகாமில், கிடைத்த தாள் துண்டுகளைச் சேர்த்து ஒரு சிறு ஏடு செய்து, நினைவில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட நற்செய்தி வாக்கியங்களை அதில் எழுதிக்கொண்டார்.

முகாமில் மரம் வெட்டும் வேலையின்போது, காவலரிடம் கேட்டு, சிலுவை வடிவில் ஒரு சிறு மரத்துண்டை வெட்டிக்கொண்டார். அதைச் சோப்புக்கட்டிக்குள் மறைத்து வைத்தார். வேறொரு சிறையில் மின்கம்பி கேட்டபோது, கைதி தற்கொலை செய்துகொள்வாரோ என்று காவலர் அஞ்சினார். சிலுவைக்குச் சங்கிலி செய்யவே கேட்டதாக அவர் விளக்க, பின்னர் அந்தக் காவலரே உதவி செய்தார். 13 ஆண்டுகளுக்குப் பின், 1988-இல் விடுதலையானபோதும் அந்தச் சிலுவையையே அவர் மார்பில் அணிந்தார். 2002-இல் இறைவனடி சேர்ந்த அவரைத் திரு அவை 2017-இல் வணக்கத்திற்குரியவராக அறிவித்தது.

அந்தச் சிலுவையை ஒரு கடையில் வைத்தால் யாரும் விலை கேட்கமாட்டார்கள். ஒரு மரத்துண்டு, கொஞ்சம் மின்கம்பி, அவ்வளவுதான். ஆனால் அவர் அதன் கதையை எழுதிவைத்தார். அதனால்தான் ஒரு கைதிக்கும் காவலருக்கும் இடையே மலர்ந்த அன்பை அது இன்றும் நமக்குச் சொல்கிறது. பொருள் நினைவைத் தாங்குகிறது. எழுத்து அந்த நினைவுக்கு நாவைத் தருகிறது.

இரண்டுக்கும் தேவைப்படுபவையும் ஒன்றே. முதலாவது, கையில் இருப்பதைக் கொண்டு தொடங்குவது. நல்ல தாளுக்காகப் பேராயர் காத்திருக்கவில்லை. இரண்டாவது, பொறுமை. தையல் பிசகினால் பிரித்துத் தைப்பதுபோல, வரி பிசகினால் அடித்துவிட்டு மீண்டும் எழுத வேண்டும். மூன்றாவது, யாருக்காக என்ற தெளிவு. அவருடைய ஒவ்வொரு தாளும் அவர் அன்பு செய்த மக்களுக்காகவே எழுதப்பட்டது.

நம் வீடுகளில் இதை எப்படிச் செய்யலாம்? இறந்துபோன அம்மாவின் சேலை ஒன்று பெட்டியில் இருக்கும். உடுத்தவும் மனம் வராது, கொடுத்துவிடவும் மனம் வராது. அதில் ஒரு துண்டை வெட்டி, செபப் புத்தகத்துக்கு உறை தைக்கலாம். தைக்கும்போது அம்மா நம்மோடு பேசுவார். அதை ஒரு தாளில் எழுதுவோம். அவர் எந்தச் செபத்தை விரும்பிச் சொன்னார், எந்தத் துன்பத்தில் அந்தச் சேலையின் முந்தானையால் கண்ணைத் துடைத்தார் என்று நான்கு வரி போதும். அந்தத் தாளை உறைக்குள் வைப்போம். நாளை பேரப்பிள்ளைகள் எடுத்துப் பார்க்கும்போது, எழுத்து இல்லையென்றால் அது வெறும் பழந்துணி; எழுத்து இருந்தால் அதுவே அவர்களுடைய விசுவாசத்தின் சொத்து.

நாம் கடவுளின் கைவேலை என்றால், அவரும் நம்மைப் பொறுமையோடு செய்துகொண்டிருக்கிறார். பிசகிய இடங்களைப் பிரித்துத் தைக்கிறார். அவருடைய கைகளில் நாம் இருப்பதுபோல, நம் கைகளில் இந்த வாரம் எது உருவாகப்போகிறது? யாருக்காக?