மாத்திரையின் விலையும் ஆயுளின் மாதங்களும்

கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் ஒருவருக்குக் கண் மஞ்சள் பூத்து வயிறு உப்பினால், முதலில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பதும், அது பலிக்காதபோது பழைய ஜெயில் ரோட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் வடசென்னையில் நெடுநாளைய வழக்கம். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்த ஆராய்ச்சிக்காக 1976-இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற புளூம்பெர்க்கே சென்னை விஞ்ஞானி தியாகராஜனுடன் சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்து, நம்பிக்கையூட்டும் பலன் கண்டதாக 1988-இல் லான்செட் பத்திரிகையில் எழுதினார். பிந்திய பரிசோதனைகள் அந்த நம்பிக்கையை ஸ்திரப்படுத்தவில்லை. அந்தக் கிருமி நாளடைவில் விளைவிக்கக்கூடிய புற்று ஈரலில் முற்றியபின் பச்சிலையால் ஆவதொன்றுமில்லை.

ஈரல் தன் உபாதையை வெகுகாலம் வெளிக்காட்டாத அவயவமாகையால், பலரிடத்தில் அறுத்தெடுக்கவோ மாற்று ஈரல் பொருத்தவோ இயலாத கட்டத்திலேயே வியாதி தெரியவருகிறது. அந்தக் கட்டத்தில் மற்றப் புற்றுகளுக்கு உதவிய ரசாயன ஊசிகள் நிச்சயமான பலன் ஏதும் தந்ததில்லை. சாதாரண ஈரல் தன் ரத்தத்தின் பெரும்பகுதியைக் குடலிலிருந்து வரும் சிரையின் வழியே பெற, புற்றுக்கட்டியோ தமனியிலிருந்து புதுப்புது நாளங்களைக் கிளைக்கச் செய்து தன்னைப் போஷித்துக்கொள்கிறது. அந்த நாளங்கள் முளைப்பதையும், புற்றணு பெருகுவதற்கான சமிக்ஞையையும் ஒருங்கே தடுப்பதுதான் சோராஃபெனிப் என்னும் மாத்திரை. 2008-இல் வெளியான பெரும் பரிசோதனையில், வெற்று மாத்திரை உண்டவர்களின் இடைநிலை ஆயுள் 7.9 மாதமாக இருக்க, இதை உண்டவர்களுக்கு அது 10.7 மாதமாயிற்று. மூன்று மாதத்துக்கும் குறைவான இந்த லாபத்தை அற்பமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஈரலின் சக்தி பெரும்பாலும் எஞ்சியிருந்தவர்களிடமே அது காணப்பட்டது என்பதை மறைப்பதும் நியாயமாகாது.

காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, அதுவும் வெறும் வயிற்றில். சில வாரங்களுக்குள் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, தோல் தடித்துக் கொப்புளிப்பதுண்டு. நாற்காலியில் அமர்ந்து தொழில் செய்வோர் பொறுத்துக்கொள்ளக்கூடிய இந்த உபத்திரவம், உப்புநீரில் நனைந்த வலைக்கயிற்றைப் பற்றி இழுப்பவருக்குப் பிழைப்பையே தடுத்துவிடும். ஆகவே யூரியா களிம்பு தடவச் சொல்வதும், அளவைக் குறைப்பதும், சிலநாள் நிறுத்தி மறுபடி தொடங்குவதும் வைத்தியத்தில் அடங்கியவையே.

பேயர் கம்பெனி இந்த மாத்திரைக்கு, அதாவது மாதத்துக்கு 120 மாத்திரைக்கு, வைத்த விலை சுமார் 2,80,000 ரூபாய். ஹைதராபாத் நாட்கோ கம்பெனி, காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவின்படி விண்ணப்பிக்க, 2012 மார்ச் 9-ஆம் தேதி காப்புரிமைக் கட்டுப்பாட்டு அதிகாரி பி.எச்.குரியன் பேயரின் சம்மதமின்றியே அம்மருந்தைச் செய்ய இடந்தரும், நம் நாட்டின் முதல் கட்டாய உரிமத்தை வழங்கினார். மருந்து வேண்டியவர்களில் இரண்டு சதவிகிதத்துக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு மட்டுமே அது கிட்டியதென்பது அவர் கண்ட முடிவுகளில் ஒன்று. மாதத்துக்கு 8,800 ரூபாய்க்குமேல் விற்கலாகாது, ஆண்டுக்குக் குறைந்தது 600 ஏழை நோயாளிகளுக்கு இலவசமாய்க் கொடுக்கவேண்டும், மாத்திரையின் தோற்றம் பேயருடையதினின்றும் வேறுபட்டிருக்கவேண்டும் என்பன அந்த உரிமத்தின் நிபந்தனைகளாயிருந்தன. மேல்முறையீடு வந்தது சென்னைக்கே. இங்கிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம், நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையில், 2013 மார்ச் 4-ஆம் தேதி உரிமத்தை ஊர்ஜிதம் செய்து, விற்பனையில் பேயருக்குரிய பங்கை மட்டும் ஆறிலிருந்து ஏழு சதவிகிதமாக உயர்த்தியது. பம்பாய் உயர்நீதிமன்றமும் அதையே நிலைநிறுத்த, 2014 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது.

அதன்பிறகு சிகிச்சை முன்னேறிவிட்டது. லென்வாட்டினிப் என்னும் மருந்து வந்தது; பின்பு, உடலின் காவலணுக்களைத் தூண்டும் அட்டெசோலிசுமாபும், நாளங்களைத் தடுக்கும் பெவாசிசுமாபும் மூன்று வாரத்துக்கொருமுறை சேர்த்து ஏற்றப்பட்டு, மற்றொரு பரிசோதனையில் சோராஃபெனிப் பெற்றோரின் 13.4 மாதத்துக்கு எதிராக 19.2 மாத இடைநிலை ஆயுளைத் தந்தன. பெவாசிசுமாபை இந்தியக் கம்பெனிகளே தயாரிக்கின்றன; அட்டெசோலிசுமாப்தான் சாமானியக் குடும்பத்துக்கு எட்டாத விலையில் நிற்கிறது. சோராஃபெனிப் ரசாயனச் சாலையில் சேர்த்துச் செய்யும் சிறு மூலக்கூறு. அட்டெசோலிசுமாபோ உயிரணுக்களைக் கொண்டு விளைவிக்கவேண்டிய பெரும் புரதம். பிறர் அதைச் செய்ய முன்வந்தால், ஒப்புமையை நிரூபிக்கும் பரிசோதனைகளுக்கே பெரும்பொருள் செலவாகும். உரிமம் என்னும் காகிதம் மட்டும் கிடைத்து என்ன பயன்? 2012-க்குப் பிறகு டாசட்டினிப், சாக்ஸாகிளிப்டின் ஆகிய மருந்துகளுக்காகக் கட்டாய உரிமம் கேட்டு வந்த விண்ணப்பங்களும் தள்ளுபடியாயின.