காளைக்குப் புல், காருக்கு மின்சாரம்

முற்காலத்தில் சத்திரம் கட்டிவைத்த தர்மவான்கள் மனிதனை மட்டும் நினைத்துக் கட்டவில்லை. திண்ணையும் கூடமும் பிரயாணிக்கு. கிணற்றடித் தொட்டியும் வைக்கோலும் அவன் வண்டியை இழுத்து வந்த காளைகளுக்கு. மனிதன் உறங்கும் இரவிலேயே மாடும் தின்று அசைபோட்டு இளைப்பாறிவிடும். ஒருவருக்காக மற்றவர் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பிறகு மோட்டார் வந்தது. பெட்ரோல் குடிக்கும் அந்தப் பிராணிக்குச் சாலையோரத்திலேயே ஐந்து நிமிஷத்தில் பசி தீர்ந்துவிட்டதால், விடுதிக்காரர் வண்டி நிறுத்த ஓர் இடம் காட்டுவதோடு தப்பித்துக்கொண்டார். இப்போது மின்சாரக் கார் வந்து அந்தப் பழைய தொட்டியை மறுபடியும் கேட்கிறது.

பவானியில் இந்தக் கேள்வி எழுவது இயற்கையே. காவேரியும் பவானியும் கூட, கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேர்வதாக ஐதீகமுள்ள கூடுதுறைக்கு ஆடிப்பெருக்கிலும் அமாவாசைகளிலும் ஜனங்கள் திரளுகிறார்கள். சங்கமேசுவரரைத் தரிசித்தபின், குழந்தை குட்டிகளுடன் வந்தவர்கள் உடனே ஊர் திரும்புவதில்லை. கொடிவேரி, பவானிசாகர், மேட்டூர் என்று இரண்டு நாள் சுற்ற விரும்புகிறார்கள். இத்தகையவர்களுக்கு லாட்ஜு அறையைவிடச் சமையற்கட்டுடன் கூடிய ஒரு வீடு இரண்டு நாள் வாடகைக்குக் கிடைத்தால் சௌகரியம். அப்படி வீடு விடுகிறவரிடம், “தண்ணீர் வருமா?” என்று கேட்ட காலம் போய், “கார் சார்ஜ் போடலாமா?” என்று கேட்கும் காலம் வந்திருக்கிறது. ஏர்பிஎன்பி போன்ற ஏற்பாடுகளில், இந்த வசதி உள்ள வீடுகளை மட்டும் பொறுக்கிப் பார்க்கவும் வழி உண்டு. இல்லாத வீடு அவர்கள் கண்ணிலேயே படாது!

வீட்டுக்காரரின் முதற் பயம், “கார் என்றால் எவ்வளவு மின்சாரம் குடிக்குமோ!” என்பது. கொங்கு நாட்டார் இதற்குப் பயப்படுவது வேடிக்கைதான். 1930-களில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்த நாள் முதல் ஆலையிலும் கிணற்றடியிலும் மோட்டாருடன் பழகியவர்கள் இவர்கள். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டிய கார் ஏறக்குறைய 3 கிலோவாட் இழுக்கிறது. தோட்டத்துக் கிணற்றில் ஓடும் 5 குதிரைசக்தி மோட்டாரோ 3.7 கிலோவாட். ஆகவே கார், கிணற்று மோட்டாரைவிடச் சாதுவான பிராணியே.

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். 30 யூனிட் பிடிக்கும் பாட்டரி கொண்ட கார், இரவு எட்டு மணிக்கு ஏறக்குறைய காலியாக வந்து சேர்ந்தாலும், காலை ஆறு மணிக்குள் பெரும்பாலும் நிறைந்துவிடும். அதைக்கொண்டு சுமார் 200 கிலோமீட்டர் ஓடலாம். அதாவது கோயமுத்தூர் சென்று திரும்பலாம். ஆகையால், ஒரு மணி நேரத்தில் சார்ஜ் ஏற்றும் ராட்சத யந்திரத்தை லட்சக்கணக்கில் செலவழித்து வீட்டில் நிறுத்துவது வீண். அது நெடுஞ்சாலை உணவு விடுதிக்கு உரியது. கோயமுத்தூரிலிருந்து நடக்கும் ஸியான் நிறுவனம் அத்தகைய யந்திரங்களை விடுதிகளில் நிறுவி வருகிறது. பிரயாணி இட்டிலி சாப்பிடும் நேரத்தில் வண்டியும் சாப்பிடுகிறது. 1888-ல் பெர்த்தா பென்ஸ் என்னும் ஜெர்மானியப் பெண்மணி உலகின் முதல் நெடுந்தூர மோட்டார் பிரயாணத்தில் எண்ணெய் தீர்ந்தபோது, வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில்தான் வாங்கி ஊற்றினார். புது வண்டிக்குத் தீனி எப்போதுமே எதிர்பாராத கடையில்தான் முதலில் கிடைக்கிறது போலும்.

ஆனால் ஒரு விஷயத்தில் நாம் வீட்டுக்காரரைப் பயமுறுத்தவே விரும்புகிறோம். வெந்நீர் கெய்ஸர் அதே 15 ஆம்பியர் பிளக்கில் பத்து நிமிஷம் ஓடி நின்றுவிடும். கார் பத்து மணி நேரம் நிற்காமல் இழுக்கும். பழைய வீட்டின் மெல்லிய கம்பியும் தளர்ந்த இணைப்பும் பத்து நிமிஷத்தில் வெளிக்காட்டாத குறையைப் பத்து மணி நேரத்தில் சூடாகக் காட்டிவிடும். அந்நேரம் வீட்டார் உறக்கத்தில் இருப்பார்கள். பிளக் வைக்காத வீட்டில் ஆபத்து இன்னும் அதிகம். விருந்தாளி சும்மா இருப்பாரா? ஜன்னல் வழியாக நீட்டிப்பு ஒயரை இழுத்து மாட்டுவார். ஆகவே மீட்டர் பலகையிலிருந்து காருக்கென்றே தனிக் கம்பி, கசிவு கண்டால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச், மழை படாத பெட்டி, சரியான எர்த்து இவை அவசியம். கோடையில் எர்த்துக் குழி வறண்டு கிடந்தால், பல கார்கள் மின்சாரத்தை ஏற்கவே மறுக்கும். வீட்டிலுள்ள இன்வெர்ட்டரோடு இந்தக் கம்பியைச் சேர்க்கவே கூடாது. மின்தடை வந்த இரவில் கார் அதை உறிஞ்சிவிட்டு வீட்டை இருளில் தள்ளும்.

அடுத்தது பணம். நம் வீடுகளின் மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கில் படிப்படியாக ஏறுவது. 2022-ல் திருத்தப்பட்ட முறையில், 500 யூனிட்டைத் தாண்டியவருக்கு அதற்குக் கீழே உள்ள ஒரு படியின் விலையும் கூடிவிட்டது. பத்து விருந்தாளிகள் ஆளுக்கு 25 யூனிட் ஏற்றினால் 250 யூனிட். “வாடகையிலேயே அடக்கம்” என்று பெருந்தன்மையாகச் சொன்னவர், பில்லைக் கண்டதும் பெருமூச்சு விடுவார். ஒரே தொகையாக வாங்குவதும் நியாயமன்று. ஸ்கூட்டரில் வந்தவர் 3 யூனிட்டுக்கும், காரில் வந்தவர் 25 யூனிட்டுக்கும் ஒரே பணம் கொடுப்பதாகும். தனி மீட்டர் ஒன்றை மாட்டி, வரும்போதும் போகும்போதும் விருந்தாளியின் எதிரிலேயே படித்து, முன்னதாகச் சொன்ன விலையை வாங்குவதே மனஸ்தாபமில்லாத வழி.

இப்படிப் பணம் வாங்குவது மின்சார வியாபாரம் ஆகிவிடாதோ என்று சிலர் கலங்கக்கூடும். வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவது மின்சார விற்பனை அன்று, ஒரு சேவையே, அதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்று மத்திய மின்சார இலாகா 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது. கலங்க வேண்டியது வேறொன்றுக்கு. குடியிருப்புக்கென்று வாங்கிய இணைப்பை அனுமதியின்றி வேறு காரியத்துக்கு உபயோகித்தால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவு இரு மடங்கு கட்டணம் விதிக்க இடம் தருகிறது. ஆதலால் பிளக் வாங்கக் கடைக்குப் போகுமுன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போய், வீட்டை வாடகைக்கு விடுவதையும் காருக்குக் கம்பி இழுப்பதையும் சொல்லி, எந்த இனத்தில் இணைப்பு வேண்டும் என்று எழுத்தில் கேட்பது நல்லது. ஒரு முனை இணைப்பு உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் 4 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சுமைக்கு மும்முனை இணைப்பு வேண்டும். காரும் கெய்ஸரும் சேர்ந்தாலே அந்த எல்லை தாண்டிப் போகும்.

பவானிக்கு அருகே ஊராட்சிக்கோட்டையில் காவேரியைத் தேக்கி 30 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் கதவணை இருக்கிறது. அந்த மின்சாரந்தான் இந்தக் காரில் ஏறுகிறது என்று சொல்ல நமக்கும் ஆசைதான். ஆனால் கம்பிகளில் கலந்தபின், கூடுதுறைத் தண்ணீரைப் போல, எது எந்த ஆற்றினுடையது என்று யாரால் பிரிக்க முடியும்?

ஆடிப் பதினெட்டுக்கு வீடு விடுகிறவர்கள் இன்னொன்றையும் இப்போதே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஒரே குடும்பம் இரண்டு கார்களில் வந்து இறங்கினால் பிளக் ஒன்றுதான் இருக்கும். நள்ளிரவில் எழுந்து வண்டி மாற்றுவது வீட்டுக்காரரா, விருந்தாளியா என்பதை வீட்டு விதிகளில் முதலிலேயே எழுதிக் கதவில் ஒட்டிவிடலாம்.