பத்து ரூபாய்ப் பங்கு

குஜராத் மாநிலத்தில் அகமதாபாத் பெரிய நகரம். துணி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். ஆலைக்கு வெளியேயும் ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே உழைத்தார்கள். தெருவில் காய் விற்றார்கள். தலைச்சுமை தூக்கினார்கள். கைவண்டி இழுத்தார்கள். பழைய துணி வாங்கி விற்றார்கள். வீட்டில் இருந்தபடியே துணி தைத்தார்கள். பீடி சுற்றினார்கள்.

இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஆனால் தினமும் கையில் முதல் வேண்டும். காய் வாங்கினால்தானே விற்க முடியும்?

1970களின் தொடக்கத்தில் அங்கே நடந்த கணக்கைக் கேளுங்கள். காலையில் வட்டிக்காரரிடம் 50 ரூபாய் வாங்குவார்கள். காய் எடுத்து விற்பார்கள். மாலையில் 55 ரூபாயாகத் திருப்பிக் கொடுப்பார்கள்.

ஐந்து ரூபாய்தானே என்று தோன்றும். மாதத்தில் 25 நாள் வியாபாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 5 ரூபாய். 25 நாளுக்கு 125 ரூபாய். ஐம்பது ரூபாயைக் கையில் புரட்டுவதற்கு 125 ரூபாய் வட்டி! அப்படியும் மறுநாள் காலையில் கை காலி. மறுபடியும் வட்டிக்காரர் வாசல்தான்.

1972ஆம் ஆண்டு இந்தப் பெண்களுக்காக ஒரு சங்கம் உருவானது. பெயர் சேவா. சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கம் அது. தொடங்கியவர் இலா பட் என்ற வழக்கறிஞர். அங்கே எல்லோரும் அவரை இலாபென் என்பார்கள். குஜராத்தியில் 'பென்' என்றால் சகோதரி. இலாபென் 2022ஆம் ஆண்டு காலமானார்.

பெரிய வங்கியின் வாசலில்

வட்டிக்காரரை விட்டு வங்கிக்குப் போகலாம் என்று சங்கம் நினைத்தது. 1969 ஜூலையில் 14 பெரிய வங்கிகளை மத்திய அரசு நாட்டுடைமை ஆக்கியிருந்தது. ஏழைகளுக்கும் வங்கிக் கடன் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. சங்கம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது. பெண்கள் வங்கிக்குப் போனார்கள். சிலருக்குக் கடனும் கிடைத்தது.

ஆனால் தொல்லையும் கூடவே வந்தது. வங்கி திறந்திருக்கும் நேரம்தான் வியாபார நேரம். கடையை விட்டுவிட்டுப் போனால் அன்றையக் கூலி போச்சு. வியாபாரம் முடித்துத் தவணைப் பணத்தோடு போனால் வங்கி மூடியிருக்கும். இடுப்பில் குழந்தை, உடம்பில் வேலை செய்த துணி. அப்படியே போய் நின்றால் ஊழியர்கள் முகம் சுளித்தார்கள்.

பெயரிலும் குழப்பம். ஒரு பெண் ஒருமுறை தன் பெயரோடு அப்பா பெயரைச் சொல்வார். இன்னொருமுறை கணவர் பெயரைச் சொல்வார். ஏட்டில் இரண்டு பேர். நேரில் ஒரே பெண். கணக்கு எப்படிச் சேரும்?

வங்கி ஊழியர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த வங்கி இவர்களை மனதில் வைத்துக் கட்டிய வங்கி அல்ல. அவ்வளவுதான்.

1973ஆம் ஆண்டு முடியும்போது சங்கத்துப் பெண்கள் கூடிப் பேசினார்கள். நமக்கென்று ஒரு வங்கி வைத்தால் என்ன? ஆளுக்கு 10 ரூபாய் பங்கு. சுமார் 4,000 பெண்கள் கொடுத்தார்கள். நீங்களே பெருக்கிப் பாருங்கள். 40,000 ரூபாய்!

ஒரே இரவில் கையெழுத்து

கூட்டுறவு வங்கி தொடங்க அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கூட்டுறவுப் பதிவாளர் என்று ஓர் அதிகாரி உண்டு. அந்த அலுவலகம் தயங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் வங்கி நடத்துவதா? பத்திரத்தில் கையெழுத்துப் போடவே தெரியாதே!

அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இலாபென்னோடு இரவு முழுக்க உட்கார்ந்தார்கள். தங்கள் பெயரை எழுதினார்கள். அழித்தார்கள். மறுபடி எழுதினார்கள். மறுநாள் அலுவலகத்தில் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள்.

முதன்முதலில் உங்கள் பெயரை நீங்களே எழுதிய நாள் நினைவிருக்கிறதா? அப்படியானால் அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

1974 மே மாதம் வங்கி பதிவானது. ஸ்ரீ மகிளா சேவா சஹகாரி பேங்க் என்பது பெயர். மகிளா என்றால் பெண்கள். சஹகாரி என்றால் கூட்டுறவு.

கையெழுத்துப் போடத் தெரியாத உறுப்பினர்களுக்கு அந்த வங்கி ஒரு வழி கண்டது. கணக்கு எண்ணைச் சிலேட்டில் எழுதிக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்தது. முகமும் எண்ணும் ஒன்றாக இருக்கும். பெயர்க் குழப்பம் தீர்ந்தது. சந்தைக்கும் வீட்டுக்கும் ஆள் அனுப்பிச் சேமிப்பை வாங்கியது. முதல் சில ஆண்டுகள் பெரிய வங்கிகளிடமே கடன் வாங்கித் தந்தது. பிறகு தன் சொந்தப் பணத்திலிருந்து கடன் கொடுத்தது. அடகுக் கடையில் கிடந்த நகைகளைப் பலர் அந்தக் கடனால் மீட்டார்கள்.

யார் முதலாளி?

பெரிய வங்கியில் நீங்கள் வாடிக்கையாளர். கூட்டுறவில் நீங்கள் பங்குதாரர். வேறுபாடு இதுதான்.

கூட்டுறவில் பங்கு வாங்கினால் உறுப்பினர் ஆகலாம். உறுப்பினருக்கு ஓட்டு உண்டு. 10 ரூபாய் பங்கு வைத்தவருக்கும் ஒரு ஓட்டு. 10,000 ரூபாய் பங்கு வைத்தவருக்கும் ஒரே ஓட்டு. ஆண்டுக்கு ஒருமுறை பேரவைக் கூட்டம் நடக்கும். வரவு செலவை அங்கே வைக்க வேண்டும். நீங்கள் எழுந்து கேள்வி கேட்கலாம்.

இது நம் நாட்டுக்குப் புதிது அல்ல. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி நாட்டில் முதலில் பதிவான நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் நம் காஞ்சிபுரத்தில்தான். அதே ஆண்டு அக்டோபரில் அது பதிவானது.

உஷாராக இருக்க வேண்டிய இடம்

உடனே ஓடிப்போய்ப் பணத்தை மாற்றிவிட வேண்டாம். இதையும் கேளுங்கள்.

அதே அகமதாபாத்தில் மாதவ்புரா என்ற இன்னொரு கூட்டுறவு வங்கி இருந்தது. பங்குச் சந்தையில் விளையாடிய ஒரு தரகருக்குக் கோடிக்கணக்கில் கடன் கொடுத்தது. 2001 மார்ச் மாதம் முடங்கியது. மும்பையில் பி.எம்.சி. வங்கி. அதன் கடனில் பெரும்பகுதி ஒரே கட்டட நிறுவனக் குழுமத்துக்குப் போயிருந்தது. அதைக் கணக்கில் மறைத்தும் வைத்திருந்தார்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. முதலில், ஒருவர் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று உத்தரவு வந்தது. சொந்தப் பணம்தான். ஆனால் மருத்துவச் செலவுக்குக் கூட எடுக்க முடியாமல் மக்கள் தவித்தார்கள்.

இரண்டும் பெயரளவில் உறுப்பினர்களின் வங்கிகள்தான். உள்ளே நடந்தது உறுப்பினர்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே மாறுவதற்கு முன் கேளுங்கள். நீங்கள் சேரப்போவது வங்கியா, சங்கமா? கூட்டுறவு வங்கி என்றால் ரிசர்வ் வங்கியின் உரிமம் இருக்க வேண்டும். "உரிமம் எங்கே? வைப்புக் காப்பீடு உண்டா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

வைப்புக் காப்பீடு என்றால் என்ன? வங்கி நொடித்துப் போனாலும் நம் சேமிப்பை ஓர் அளவு வரை திருப்பித் தரும் ஏற்பாடு. அதற்கென்று ரிசர்வ் வங்கியின் கீழ் ஒரு கழகம் இருக்கிறது. 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. வட்டியும் அதில் அடங்கும். கட்டணத்தை வங்கிதான் கட்டும். நாம் கட்ட வேண்டியதில்லை. பெரிய வங்கிக்கும் கூட்டுறவு வங்கிக்கும் இதே அளவுதான்.

தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. சிக்கன நாணயச் சங்கங்களுக்கும் கிடையாது. நல்ல சங்கங்கள் பல இருக்கின்றன. என்றாலும் முழுச் சேமிப்பையும் அங்கே வைப்பதை நான் சரி என்று சொல்ல மாட்டேன்.

பங்குப் பணம் வேறு, சேமிப்புப் பணம் வேறு. பங்குப் பணத்தை நினைத்தபோது எடுக்க முடியாது. அதற்குக் காப்பீடும் இல்லை. அளவாகப் போடுங்கள்.

மாறுவது எப்படி?

பழைய கணக்கை முதலில் மூடாதீர்கள். புதிய இடத்தில் கணக்குத் தொடங்குங்கள். சில மாதம் சிறிது சிறிதாகப் போட்டு எடுத்துப் பாருங்கள். கேட்டவுடன் பணம் வருகிறதா? பாஸ்புத்தகத்தில் உடனே பதிகிறார்களா? பணம் கட்டியவுடன் ரசீது தருகிறார்களா? வீட்டுக்கு வந்து வாங்கும் ஆளிடமும் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். தெரிந்த பெண்ணாக இருந்தாலும் சரி.

பிறகு பழைய கணக்கைப் பாருங்கள். அதற்கு என்னென்ன பணம் வருகிறது? ஓய்வூதியம், கூலி, எரிவாயு மானியம், பிள்ளைகளின் உதவித்தொகை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். இவை புதிய கணக்குக்கு வருமா என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். வராது என்றால் பழைய கணக்கு இருக்கட்டும். இரண்டு கணக்கு வைத்துக்கொள்வது குற்றம் அல்ல. பழைய வங்கியில் கடன் பாக்கி இருந்தால் அதை அடைக்க வேண்டும். நகைக் கடன் என்றால் நகையை எண்ணி, எடை பார்த்து வாங்குங்கள்.

புதிய கணக்கில் வாரிசு நியமனப் படிவத்தை அன்றே எழுதிக் கொடுங்கள். உங்களுக்குப் பின் பணம் யாருக்கு என்று அதில் இருக்கும். பெயரை நீங்களே எழுதுங்கள்.

பழைய கணக்கை மூடுவதாக இருந்தால் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். மீதியை வாங்குங்கள். 'கணக்கு முடிந்தது' என்று பாஸ்புத்தகத்தில் முத்திரை கேளுங்கள். அந்தப் பாஸ்புத்தகத்தைக் கிழித்து எறியாதீர்கள். பெட்டியில் வையுங்கள். வர வேண்டிய பணம் ஏதாவது வராமல் போனால், போய்க் கேட்க அதில் பழைய கணக்கு எண் இருக்கும்.